மேஜையில் உட்காரப் போகிற மகளுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று ராத்திரி போனில் உங்கள் ஜெஸ்ஸப் போட்டியை, அந்த மாதிரி நீதிமன்ற வாதப் போட்டியைப் பற்றிச் சொல்லும்போது, "பேசுறதுக்கு வேற ரெண்டு பேரை எடுத்துட்டாங்கப்பா, நான் ரிசர்ச்சர்தான்" என்றாய். அந்த 'தான்' எனக்கு உறுத்தியது. நீ அழவில்லை, ஆனால் குரல் உன் குரலாக இல்லை. தூக்கம் வராமல்தான் இதை எழுதுகிறேன்.

1999-லும் 2013-லும் பெங்களூர் நேஷனல் லா ஸ்கூல் ஜெஸ்ஸப் கோப்பையை ஜெயித்த கதையை நீ எத்தனை தடவை சொல்லியிருப்பாய்! அங்கே எழுந்து நின்று பேச வேண்டும் என்ற ஆசை உனக்கு எவ்வளவு என்று எனக்குத் தெரியும். கிடைக்காதது வருத்தம்தான், அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் உன் அப்பா வக்கீல் குமாஸ்தா. 27 வருஷமாகக் கோர்ட்டில் ஒரு வார்த்தை பேசாதவன். அதனால் ஒன்று சொல்கிறேன், கேள்.

மதுரைக்கு ஐகோர்ட் கிளை 2004 ஜூலையில் வந்தது. அதற்கு முன்னால் ஐகோர்ட் அப்பீல் என்றால் பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஏறி சென்னைக்குத்தான் போக வேண்டும். அப்போது ஒரு நில வழக்கு. இரண்டு ஜட்ஜுகளுக்கும் ஆளுக்கொரு டைப்டு செட், அதாவது வழக்கு ஆவணங்களை டைப் அடித்துச் சேர்த்த கட்டு, நான்தான் கட்டினேன். ஒன்றில் எஃப்.எம்.பி. என்கிற நில அளவை வரைபடத்துக்குப் பக்க எண் போட்டேன், இன்னொன்றில் விட்டுவிட்டேன். சீனியர் "பக்கம் 61" என்றார். ஒரு ஜட்ஜ் கிரயப் பத்திரத்தைப் பார்க்கிறார், இன்னொருவர் சிட்டாவைப் பார்க்கிறார். சீனியர் திரும்பி என்னைப் பார்த்தார். வாதம் அந்த இடத்திலேயே அறுந்துபோனது. வழக்கு இரண்டு வாரம் தள்ளிப் போயிற்று. கட்சிக்காரர் உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர், கடன் வாங்கி வந்திருந்தார். வராந்தாவில் அவர் என்னிடம், "என்னண்ணே ஆச்சு?" என்று கேட்டார். அந்தக் கேள்வி இன்னும் என் காதில் இருக்கிறது.

அன்றைக்கு எங்கள் சீனியரின் பேச்சில் ஒரு குறையும் இல்லை. நான் கட்டிய செட்டில்தான் குறை.

நீங்கள் வாதாடுவது சர்வதேச நீதிமன்றத்தின் முன்னால், கற்பனையான இரண்டு நாடுகளுக்காக. காலையில் வழக்குப் போட்ட நாட்டுக்கு, மத்தியானம் எதிர் நாட்டுக்கு. எங்கள் ஆபீசில் ஒரு கட்சியை எடுத்தால் கடைசிவரை அந்தக் கட்சிதான். இரண்டு பக்கத்துக்கும் மெமோரியல், அதாவது எழுத்து வாதம், எழுதி, இரண்டையும் மனசார நம்பிப் படித்தவள் நீ. கோர்ஃபு கால்வாய் வழக்கை எனக்குத் தமிழில் சொன்னாயே, தன் கடலில் கண்ணிவெடி கிடப்பது தெரிந்தும் அல்பேனியா கப்பல்களை எச்சரிக்கவில்லை என்று 1949-இல் வந்த தீர்ப்பு. சட்டம் படிக்காத எனக்கே புரிகிற மாதிரி சொன்னாய். அப்படிச் சொன்னவளுக்கு அந்தத் தீர்ப்பில் எந்த வரி எங்கே இருக்கிறது என்பதும் தெரியும்.

எழுந்து போய்ப் பேசுகிறவருக்குச் சீட்டு அனுப்பக் கூடாது, மேஜையில் இருக்கிறவர்கள் தங்களுக்குள் எழுதிக் காட்டலாம் என்று விதி சொன்னாய் அல்லவா? அப்படியானால் எதிரணி பேசும்போது உன் பேனாதான் வேலை செய்ய வேண்டும். ரிபட்டலுக்கு, அதாவது மறுப்பு சொல்ல, எழப்போகிற பிள்ளை பக்கத்திலேயே இருக்கும். எதிரணி தப்பாகச் சொன்ன ஒரே ஒரு விஷயம், அதற்கு நம் பக்க எண், அவ்வளவு போதும். பெரிய எழுத்தில் எழுது. பதற்றத்தில் பொடி எழுத்து கண்ணுக்குத் தெரியாது. நாலு சீட்டு கொடுக்காதே, ஒன்று கொடு.

அப்புறம், முதல் நாள் ராத்திரி எல்லாக் கட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு தாளாகப் புரட்டிப் பார். அந்த வழக்குக்குப் பிறகு நான் ஒரு நாளும் இதை விட்டதில்லை. பேசப்போகிற இரண்டு பேரையும் சீக்கிரம் தூங்கச் சொல். நீயும் சாப்பிட்டுவிட்டுப் படு.

அம்மா முறுக்கும் எள்ளுருண்டையும் போட்டு பார்சல் அனுப்புகிறாள், உங்கள் டீமில் ஐந்து பேருக்கும் காணும். அதில் என் கோணி ஊசியும் ஒரு நூல்கண்டும் வைத்திருக்கிறேன்.

சுற்று முடிந்ததும் எத்தனை மணியானாலும் போன் பண்ணு. முழித்திருப்பேன்.

அன்புடன்,
அப்பா