ஆண்டறிக்கை 2024–25: மூத்த உறுப்பினர்களும் நாணயக் கண்காட்சிகளும்

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, பொதுக்குழுவிற்கு வருகை தந்துள்ள உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கரூரில் உள்ள நமது நாணயச் சேகரிப்போர் சங்கம் இந்த ஆண்டில் 11 மாதக் கூட்டங்களை நடத்தியது. டிசம்பர் மாதக் கூட்டம் மழையால் நடைபெறவில்லை. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே படிப்பார். ஒவ்வொரு கூட்டத்தையும் நாள்வாரியாகச் சொல்லிச் செல்வது இந்த அறிக்கையின் மரபு என்றாலும், இம்முறை செயற்குழு என்னிடம் ஒப்படைத்த ஒரு கேள்விக்கே ஏறக்குறைய முழு இடத்தையும் கொடுத்திருக்கிறேன். பதினைந்து, இருபது ஆண்டுகளாகக் கண்காட்சிகளுக்குப் போய் வந்த நம் மூத்த உறுப்பினர்கள் இப்போது ஏன் வேனில் ஏறுவதில்லை என்பதே அந்தக் கேள்வி.

இந்த ஆண்டு சென்னை, கோயம்புத்தூர், பெங்களூரு ஆகிய மூன்று ஊர்களில் நடந்த கண்காட்சிகளுக்குச் சங்கம் வேன் ஏற்பாடு செய்தது. மூன்று முறையும் இருக்கைகள் நிரம்பின. நிரப்பியவர்கள் பெரும்பாலும் சேர்ந்து ஐந்தாண்டு ஆகாதவர்கள். சங்கம் தொடங்கிய நாளிலிருந்து இருப்பவர்களில் சென்னைக்கு நால்வரும், கோயம்புத்தூருக்கு மூவரும், பெங்களூருக்கு ஒருவரும் வந்தார்கள். அந்த ஒருவரும் மகள் வீட்டுக்குப் போகிற வழியில் ஏறிக்கொண்டதாகத் தாமே ஒப்புக்கொண்டார். எனவே வராதவர்களின் வீடுகளுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் நேரில் சென்று காரணம் கேட்டேன். எல்லா வீட்டிலும் காபி கிடைத்தது. ஆல்பங்களும் வெளியே வந்தன.

பிரிட்டிஷ் இந்திய வெள்ளி ரூபாய்களை ஆண்டு வரிசையில் சேர்க்கும் மூத்தவர் ஒருவர் தம் ஆல்பத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்டிக் காட்டினார். நான்காம் வில்லியம் தலை பொறித்த 1835 ரூபாய் இருக்கிறது. ஐந்தாம் ஜார்ஜின் மேலங்கியில் உள்ள யானை பன்றியைப் போலத் தெரிகிறது என்று மக்கள் முகம் சுளித்ததால் அரசே திரும்பப் பெற்றுக்கொண்ட 1911 ‘பன்றி ரூபாயும்’ இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு குழி மட்டும் காலி. அதன் கீழே, அரிதாகக் கிடைக்கும் ஆண்டான 1939 என்று பென்சிலால் எழுதியிருந்தார். “எனக்கு இனி வேண்டியது இது ஒண்ணுதானுங்க. நெசமான காசு இருக்கிற மேசையில என் பணம் பத்தாது, என் பணம் பத்துற மேசையில இருக்கிறது நெசமான காசு இல்லை. அப்புறம் நான் எதுக்குங்க வேன்ல ஏறணும்?” என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தோன்றவில்லை.

அவர் சொன்னதன் உண்மையை இந்த ஆண்டு நம் உறுப்பினர் ஒருவர் கைப்பணம் கொடுத்துக் கற்றார். கண்காட்சி ஒன்றில் அவர் வாங்கிய 1939 ரூபாய் எடையில் 11.66 கிராம் சரியாக நின்றது, காந்தத்தில் ஒட்டவில்லை, விளிம்பும் ஒழுங்காக இருந்தது. நிற்காமல் எப்படி? அது உண்மையான 1938 வெள்ளி ரூபாய்தான். கடைசி எண்ணான எட்டின் கீழ் வளையத்தை மட்டும் யாரோ பொறுமையாகச் சுரண்டி ஒன்பதாக்கியிருந்தார்கள். பத்து மடங்கு லென்ஸில் பார்த்தபோது அந்த எண்ணைச் சுற்றிய பரப்பு, மற்ற இடங்களைப் போலன்றி, மெழுகு தேய்த்தது போல வழவழப்பாக இருந்தது. ஏற்பாட்டாளர்களிடம் முறையிட்டபோது, தாங்கள் மேசையைத்தான் வாடகைக்கு விடுகிறோம், பொருளுக்குப் பொறுப்பேற்க முடியாது என்ற பதில் வந்தது. அந்தக் கண்காட்சியின் பெயரை இங்கே குறிப்பிட நான் விரும்பவில்லை. கண்காட்சிகளுக்கும் நமக்கும் இடையில் விழுந்துள்ள விரிசலில் இதற்கும் பங்குண்டு என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

மற்றவர்கள் சொன்ன காரணங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நல்ல சரக்கு கண்காட்சி திறப்பதற்கு முன்பே வாட்ஸ்அப் குழுக்களில் கைமாறிவிடுகிறது. மிச்சமிருப்பதையும் முதல் நாள் காலை, கதவு திறக்கும் முன் வியாபாரிகளே தமக்குள் வாங்கிக்கொள்கிறார்கள். மேசைகளைச் சுற்றி வந்தால் 786 எண் முடிகிற நோட்டுகள், பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்த நினைவு நாணயங்கள், கிலோ கணக்கில் வெளிநாட்டுச் சில்லறை என்று ஊருக்கு ஊர் அதே முகங்கள், அதே பொருள்கள். இவற்றோடு முழங்கால் வலியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மூன்றாம் மாடி மண்டபத்தில் லிஃப்ட் பழுதானால் கண்காட்சியில் எந்தச் சோழன் காசு இருந்தும் பயனில்லை.

இத்தனையும் கேட்ட பிறகு, நாட்பட்ட சேகரிப்பாளருக்குக் கண்காட்சி அலுத்துப்போவது இயல்பு என்ற முடிவுக்கு நானும் வந்திருப்பேன். என்னைப் பொறுத்தவரையும் அது பொய்யில்லை. 22 ஆண்டுகளாகப் போய் வருகிற நான், கோயம்புத்தூர்க் கண்காட்சியின் இரண்டாம் நாள் மதியம் எதையும் பார்க்க மனமில்லாமல் டீக்கடை ஓரம் நின்றிருந்தேன். வெறுங்கையோடு திரும்ப வெட்கப்பட்டு, 1995ஆம் ஆண்டின் எட்டாம் உலகத் தமிழ் மாநாட்டுத் திருவள்ளுவர் நாணயம் ஒன்றை மூன்றாவது முறையாக வாங்கினேன். ஆனால் அதே கண்காட்சியில், அதே மண்டபத்தில், என்னைவிட மூத்த உறுப்பினர் ஒருவர் காலை 10 மணியிலிருந்து எழுந்திருக்கவேயில்லை. அவரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதி வேண்டுகிறேன்.

மண்டபத்தின் கோடியில், கழிப்பறைக்குப் போகும் வழியில், ஒரு சிறு வியாபாரி எவர்சில்வர் தட்டில் தேய்ந்த செப்புக் காசுகளைக் குவித்து, ‘ராஜராஜன் காசு – எதை எடுத்தாலும் ஒரே விலை’ என்று அட்டையில் எழுதி வைத்திருந்தார். ஒருபுறம் நிற்கும் உருவம், மறுபுறம் அமர்ந்த உருவம், அதன் கைக்குக் கீழே நாகரி எழுத்தில் ‘ஸ்ரீ ராஜராஜ’ என்ற பெயர். நம் ஊரில் இதைப் பார்க்காத சேகரிப்பாளர் கிடையாது, சேர்ந்த முதல் வருடத்திலேயே எல்லோரும் ஒன்று வாங்கிவிடுவோம். அந்தத் தட்டின் முன் நம் மூத்தவர் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு காசாக எடுத்து, ஜன்னல் வெளிச்சத்துக்குச் சாய்த்து, உருவத்தை விட்டுவிட்டு எழுத்தை மட்டும் பார்த்து, இடப்பக்கமாக அடுக்கிக்கொண்டே போனார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்குப் பிறகு ஒரு காசில் அவர் கை நின்றது. லென்ஸை என்னிடம் நீட்டி, “மூணாவது வரியைப் படிங்க தம்பி” என்றார். பச்சை படிந்த பரப்பில் ‘ராஜ’ என்பதற்குப் பிறகு இன்னொரு ‘ராஜ’ வரவில்லை, ‘லீ’ வந்தது. ‘ஸ்ரீ ராஜ லீலாவதி’: 12ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலுமாக மூன்று முறை அரியணை ஏறிய பொலன்னறுவை அரசியின் காசு. இலங்கை மன்னர்கள் சோழர் காசின் அமைப்பை அப்படியே எடுத்துக்கொண்டு தங்கள் பெயரைப் பொறித்தார்கள் என்பதை நாமெல்லாம் படித்திருக்கிறோம். படித்ததை ஒரே விலைத் தட்டில் கையில் தொட்டது எனக்கு அன்றுதான்.

அந்தக் காசு விலை மதிப்பில் பெரிதன்று. ஏலத்துக்குப் போனால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். ஆனால் பெரியவர் அன்று மதியச் சாப்பாட்டை மறந்தார். திரும்பும் வழியில் காங்கேயம் தாண்டும்வரை அவர் பேச்சு நிற்கவில்லை. பெங்களூரு வேனில் மகள் வீட்டுக்குப் போகிற வழியில் ஏறிக்கொண்டவரும் இவர்தான் என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

இன்னோர் உறுப்பினர் கிழக்கிந்தியக் கம்பெனி 1808ஆம் ஆண்டு வெளியிட்ட ‘பத்துக் காசு’ மதிப்புள்ள நாணயங்களை மட்டும் தேடுகிறார். சென்னை மாகாணத்துக்காக இங்கிலாந்தின் சோஹோ நாணயச்சாலையில் அச்சான இந்தச் செப்புக் காசுகளை ஏற்றிவந்த ‘அட்மிரல் கார்ட்னர்’ என்ற கப்பல் 1809 ஜனவரியில் கென்ட் கரையோர மணல்திட்டில் மூழ்கியது; 1980களில் அந்தக் காசுகள் கடலடியிலிருந்து எடுக்கப்பட்டு உலகச் சந்தைக்கு வந்தன. சந்தையில் புழங்கி, சுருக்குப்பைகளில் உரசி, எழுத்து மழுங்கிய காசு ஒன்றையும், சென்னைக்கு வந்து சேராமலே போய் உப்பு அரித்த காசு ஒன்றையும் அவர் அருகருகே வைத்திருக்கிறார். இரண்டும் ஒரே ஆண்டு, ஒரே நாணயச்சாலை. எந்தக் கண்காட்சியிலும் இந்தக் காசு மலிவாகக் கிடைக்கும் என்பதால் அவருக்கு எந்தக் கண்காட்சியும் வெறுமையாக இருப்பதில்லை.

குழிகளை நிரப்புவதற்காக மட்டும் போகிறவருக்கு, நிரம்ப நிரம்பக் கண்காட்சி சுருங்குகிறது. இதில் கண்காட்சியையும் குறை சொல்ல முடியாது, அவரையும் குறை சொல்ல முடியாது. ஒரு எழுத்தை, ஒரு அச்சு வேறுபாட்டை, ஒரு வழித்தடத்தைத் துரத்திக்கொண்டு போகிறவருக்கு இருபதாம் ஆண்டிலும் தட்டில் ஏதோ இருக்கிறது. செயற்குழுவில் சிலர், இளையவர்களை அழைத்துச் சென்று சொல்லிக்கொடுத்தால் மூத்தவர்களின் உற்சாகம் திரும்பும் என்றார்கள். மாணவர்களுக்கு நாணயச்சாலைக் குறிகளைக் காட்டுவதும், ஹைதராபாத்துக்கு நட்சத்திரம், நொய்டாவுக்குப் புள்ளி என்று சொல்லிக்கொடுப்பதும் நல்ல காரியம்தான், தொடர்ந்து செய்வோம். ஆயினும் அது வேறு மகிழ்ச்சி. சேகரிப்பவனின் பசிக்கு அது சோறாகாது என்பது என் கருத்து.

இந்த எண்ணத்தோடுதான் ஆண்டு இறுதியில் கல்யாண மண்டபத்தில் நாம் நடத்திய இரண்டு நாள் கண்காட்சியில் சிறு மாற்றம் செய்தோம். வியாபாரிகளுக்கான மேசைகளில் நான்கைக் குறைத்து, அந்த இடத்தில் பொதுமக்கள் கொண்டுவரும் காசுகளை அடையாளம் சொல்லும் மேசை ஒன்றை வைத்தோம். விலை சொல்வதில்லை, வாங்குவதில்லை என்ற அறிவிப்புப் பலகையையும் மேலே கட்டினோம். மேசை வாடகையில் ஏற்பட்ட இழப்பைப் பொருளாளர் தம் கணக்கில் காட்டுவார். அவர் முகத்திலும் காணலாம். முதல் நாள் வந்தவற்றில் பாதிக்கு மேல் 1818 என்று ஆண்டு பொறித்த ராமர் காசுகள். கம்பெனி அப்படியொரு காசை அடிக்கவேயில்லை என்றும், அரிசியை இழுக்கும், லட்சக்கணக்கில் விலை போகும் என்றெல்லாம் சொல்பவர்களிடம் முன்பணம் கொடுத்துவிட வேண்டாம் என்றும் நம்மவர்கள் தொண்டை வறள விளக்கினார்கள். ஒருவர் நம்பாமல் எழுந்து போனார்.

இரண்டாம் நாள் மாலை ஓர் அம்மையார் மாமனாரின் வெற்றிலைச் செல்லத்தைத் திறந்தார். அதற்குள் ஐந்தாம் ஜார்ஜ் காலணாக்களோடு, விரல் நகம் அளவுள்ள சதுரச் செப்புக் காசு ஒன்று கிடந்தது. ஒரு பக்கம் யானை. திருப்பினால் வில்லும் அம்பும். சங்க காலச் சேரர் காசு. கொல்லிப்புறை, மாக்கோதை என்று பெயர் பொறித்த காசுகள் வெளிப்பட்ட கரூரில் இது நடந்ததில் வியப்பில்லை என்று இப்போது சொல்லலாம். அன்று மேசையைச் சுற்றி நின்ற யாரும் அப்படிச் சொல்லவில்லை. மாமனார் ஆற்று மணலில் எடுத்ததாக அந்த அம்மையார் கூறியதால், 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்கச் சொல்கிறது என்பதை எடுத்துச் சொல்லி, காசைத் தேய்க்கவோ புளி போட்டுக் கழுவவோ கூடாது என்றும் கேட்டுக்கொண்டு திருப்பிக் கொடுத்தோம். மேலே குறிப்பிட்ட 1939 ரூபாய்க்காரர் அன்று வேடிக்கை பார்க்க வந்தவர். அந்தக் காசை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அவர் நின்ற நேரத்தில், மண்டபத்துக்காரர் இரண்டு முறை விளக்கை அணைக்க வந்து திரும்பிப் போனார்.

இவற்றின் அடிப்படையில் செயற்குழு பின்வரும் ஏற்பாடுகளைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறது. வரும் ஆண்டில் வேன் இரண்டு கண்காட்சிகளுக்கு மட்டும், ஞாயிறுக்குப் பதிலாக முதல் நாளான வெள்ளியன்றே புறப்படும். ஒவ்வொரு பயணத்துக்கும் முந்தைய மாதக் கூட்டத்தில் ஒரு பொருள் எடுத்துப் பேசப்படும். முதல் பயணத்துக்குச் சோழர், இலங்கைச் செப்புக் காசுகளின் எழுத்துகள் என்று முடிவாகியிருக்கிறது, லீலாவதியைக் கண்டெடுத்தவரே பேச இசைந்துள்ளார். சங்கத்துக்கென ஒரு கையடக்கத் தராசும் இரண்டு லென்ஸுகளும் வாங்கப்படும். அவற்றை இரவல் பெறுவோர் கையெழுத்திட வேண்டும். அடையாளம் சொல்லும் மேசை அடுத்த ஆண்டும் தொடரும், வாடகை இழப்பைச் சமாளிக்க உறுப்பினர் சந்தாவை உயர்த்துவது பற்றிப் பொருளாளர் தனித் தீர்மானம் கொண்டுவருவார்.

முதல் வேன் பயணத்துக்குப் பெயர் கொடுக்க விரும்புவோர் இன்று கூட்டம் முடிவதற்குள் என்னிடம் தரலாம். முன்வரிசை இருக்கைகள் இரண்டும் முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஒதுக்கப்பட்டுள்ளன. அவற்றில் ஒன்றுக்கு 1939 ரூபாய்க்காரர் நேற்றே பெயர் கொடுத்துவிட்டார்.

இங்ஙனம்,
செயலாளர்