கடனைப் பற்றி யார் பேசுவது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

2023 ஆகஸ்ட் 23 அன்று மில்வாக்கியில் நடந்த, குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளராகப் போட்டியிடுகிறவர்களின் முதல் விவாதத்தை இரண்டு மணி நேரமும் பார்த்தேன். நான் டெக்சாஸில் அந்தக் கட்சிக்கே ஓட்டுப் போடுகிறவன். அரசு வரவுக்குள் செலவு செய்ய வேண்டும், அரசியல் சாசனத்துக்கு மேல் யாரும் இல்லை, இந்த இரண்டுக்காகத்தான் போடுகிறேன். அன்று இரண்டுமே அடிபட்டதைப் பார்த்து மனசு ஆறவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். பொருளாதாரம் பற்றிக் கேட்டபோது தென் கரோலினாவின் முன்னாள் ஆளுநர் நிக்கி ஹேலி பைடனைத் திட்டிவிட்டுச் சுலபமாகப் போயிருக்கலாம். அவர் சொந்தக் கட்சியைத்தான் பிடித்தார். கோவிட் காலத்தில் 2.2 லட்சம் கோடி டாலர் நிவாரணத் திட்டத்தை நிறைவேற்றியது நம் ஆட்களும்தான், டிரம்ப் காலத்தில் கடன் 8 லட்சம் கோடி ஏறியது, 2024 பட்ஜெட்டில் தங்கள் தொகுதிகளுக்கென்று நம்மவர்கள் கேட்டது 740 கோடி டாலர், ஜனநாயகக் கட்சிக்காரர்கள் கேட்டது 280 கோடி என்று கணக்கோடு சொன்னார். நாட்டின் கடன் 32 லட்சம் கோடியைத் தாண்டிவிட்டது, 2023 ஆகஸ்ட் தொடக்கத்தில்தான் கடன் தரம் மதிப்பிடும் ஃபிட்ச் நிறுவனம் அமெரிக்காவின் கடன் தரத்தை ஒரு படி இறக்கியது, அப்படியிருக்க ஒரு கன்சர்வேட்டிவ் மேடையில் இரவு முழுக்க இதையல்லவா பேசியிருக்க வேண்டும்? சோஷியல் செக்யூரிட்டி (ஓய்வூதியத் திட்டம்), மெடிகேர் (முதியோர் மருத்துவக் காப்பீடு) செலவைப் பற்றி இங்கே சிலர் வாயே திறப்பதில்லை என்று டிரம்பின் துணை அதிபராக இருந்த மைக் பென்ஸ் சொன்னார், உண்மைதான், ஆனால் பேச்சு அதற்குள் வேறு பக்கம் போய்விட்டது.

அப்புறம் அந்தக் கை தூக்கும் கேள்வி. நீதிமன்றம் டிரம்பைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்தாலும், அவர் வேட்பாளரானால் ஆதரிப்பீர்களா? தொழிலதிபர் விவேக் ராமசாமியின் கை உடனே உயர்ந்தது. ஃபுளோரிடா ஆளுநரான டிசான்டிஸ் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத் தூக்கினார். 2021 ஜனவரி 6 அன்று, தேர்தல் முடிவை மாற்றச் சொன்ன அத்தனை மிரட்டலுக்கும் பணியாமல் சாசனப்படி நடந்த பென்ஸும் தூக்கினார், எனக்கு அதுதான் தாங்கவில்லை. விவாதத்துக்கு வரவே கட்சி வேட்பாளரை ஆதரிப்பேன் என்று கையெழுத்துப் போட வேண்டும் என்பது தெரியும், இருந்தாலும் முன்னாள் ஆளுநர்கள் கிறிஸ்டியும் ஹட்சின்சனும் ஆதரவுக் கை தூக்காமல் நின்றார்களே. வழக்குகள் சரியோ தவறோ, டிரம்பின் நடத்தை அதிபர் பதவிக்கு அழகல்ல என்று கிறிஸ்டி சொன்னதும் அரங்கமே கூச்சல் போட்டது. கூச்சல் போட்டவர்கள் என் கட்சிக்காரர்கள்.

ராமசாமியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பம் என்பதால் நம்மவர்களுக்கு அவர் மேல் ஒரு பாசம். எனக்கும் உண்டு. நன்றாகப் பேசுகிறார், தயங்காமல் பேசுகிறார். ஆனால் மேடையில் நிற்கும் மற்ற எல்லோரும் விலைபோனவர்கள், நான் ஒருவன்தான் போகாதவன் என்று சொல்வது வாதம் ஆகாது. உக்ரைனுக்கு உதவியை நிறுத்துவேன் என்கிறார், நிறுத்தினால் புடின் எங்கே நிற்பார் என்று ஹேலி மடக்கியபோது அவரிடம் உருப்படியான பதில் இல்லை. சோவியத்தை எதிர்த்து நின்ற ரீகனின் கட்சி இது. நம்ம ஊர்ப் பிள்ளை என்ற ஒரே காரணத்துக்காக இதையெல்லாம் விட்டுவிட முடியாது.

கருக்கலைப்பில் என் நிலை பென்ஸுடையதுதான், நாடு முழுமைக்கும் தடைச் சட்டம் வேண்டும் என்பது. ஆனால் செனட்டில் 60 ஓட்டு இல்லாமல் நாடு முழுமைக்கும் சட்டம் வராது என்று ஹேலி சொன்னது நடைமுறை உண்மை, அதைச் சொல்ல அந்த மேடையில் தைரியம் வேண்டும்.

அடுத்த விவாதம் 2023 செப்டம்பர் 27 அன்று கலிஃபோர்னியாவில், ரீகன் நூலகத்தில். கேள்வி கேட்பவர்கள் இந்த முறை கை தூக்கச் சொல்ல வேண்டாம். எந்தச் செலவை, எவ்வளவு, எந்த ஆண்டுக்குள் குறைப்பீர்கள் என்று ஒவ்வொருவரையும் நிறுத்திக் கேட்கட்டும். உங்கள் பத்திரிகையும் வேட்பாளர்களின் பூர்வீகத்துக்குக் கொடுக்கும் இடத்தில் பாதியையாவது அந்தப் பதில்களுக்குக் கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
டாலஸ், டெக்சாஸ்