எந்த வேற்றுமையிலும் மாறாத கொழும்பு

வெள்ளவத்தை,
கொழும்பு 06.

அன்பின் மச்சான்,

உன்ர கண் ஒப்பரேஷன் நல்லபடி முடிந்து கட்டும் அவிழ்த்தாயிற்று என்று தங்கச்சி போனில் சொன்னா. கேட்ட பிறகுதான் மனம் ஆறினது. அதற்காகவே இதைக் கையால் எழுதாமல் கணினியில் அடித்து, எழுத்தைப் பெரிதாக்கி அனுப்புகிறேன். ஒரே இருப்பில் வாசிக்காதே, கண்ணுக்கு ஓய்வு கொடுத்துக் கொடுத்து வாசி. இஞ்ச மனுசிக்கு முழங்கால் நோ பழையபடிதான். மகன் தனக்குப் புது மடிக்கணினி வாங்கிக்கொண்டு பழையதை என்னிடம் தந்துவிட்டுப் போனான். என்ர சங்கதி அதில்தான் தொடங்குகிறது.

மச்சான், நான் ரஷ்யன் படிக்கிறேன். ஏழு மாதமாகிறது. முதல் நாளே உனக்குச் சொல்ல ஆசைதான். ஆனால் நாலு வசனமாவது பிழையில்லாமல் வந்த பிறகு எழுதுவோம் என்று பொறுத்திருந்தேன்.

ஏன் இந்த வயதில் என்று கேட்பாய். 32 வருஷம் தேயிலை ஏற்றுமதிக் கம்பனியில் இருந்தவன் நான். ரஷ்யாவுக்குப் போகும் பெட்டிகள் என் கண்முன்னால்தான் அடுக்கப்பட்டன. சிங்க முத்திரைக்குக் கீழே இரண்டு சொல் இருக்கும். அந்த இரண்டையும் படமாக அடையாளம் தெரியுமே தவிர எழுத்தாகத் தெரியாது. ஒருமுறை அச்சகத்துப் பொடியன் ஒருவன், ஆங்கில 'என்' எழுத்து கண்ணாடியில் பார்த்ததுபோலத் திரும்பிக் கிடக்கிறது என்று நினைத்து, எல்லாவற்றையும் நேராக்கி அடித்துவிட்டான். அது 'என்' இல்லை, ரஷ்ய மொழியின் 'இ'. 10,000 லேபிள் குப்பைக்குப் போனது. மாதிரியைப் பார்த்துக் கையெழுத்து வைத்தவன் நான். ஒருவரும் ஏசவில்லை. ஆனால் வாசிக்கத் தெரியாத ஒன்றுக்குக் கீழே என் பெயரை எழுதினேன் என்ற நினைவு ஓய்வு பெற்ற பிறகும் என்னை விடவில்லை.

33 எழுத்தையும் பழகி முடித்த அன்று, அலமாரியில் கிடந்த ஒரு பழைய தேயிலைப் பெட்டியை மேசையில் வைத்து எழுத்துக்கூட்டினேன். 'த்ஸெய்லோன்ஸ்கி சாய்'. சிலோன் தேயிலை. மனுசியைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன். அவ ஒன்றும் சொல்லாமல் பெட்டியை வாங்கித் துடைத்து முன் அலமாரியில் வைத்தா.

எழுத்து ஒரு வாரத்து வேலைதான். பாதி எழுத்து ஆங்கிலத்தைப்போல இருந்து ஆளை ஏமாற்றும். 'பி' போல இருப்பது 'ர்', 'சி' போல இருப்பது 'ஸ்', 'எச்' போல இருப்பது 'ன்'. தெற்குக் கரையில் ஹிக்கடுவைப் பக்கம் கடைப் பலகைகளில் 'பெக்டோபா' என்று ஏதோ எழுதிக் கிடக்கிறதே என்று முன்பு நினைத்திருக்கிறேன். அது 'ரெஸ்தரான்', சாப்பாட்டுக்கடை. 2023 இல் இந்தியாவுக்கு அடுத்தபடி ரஷ்யாவிலிருந்துதான் கூடுதல் ஆட்கள் இலங்கைக்கு வந்தார்கள், பலகைகளும் அப்படியே மாறிவிட்டன.

சுதந்திர அவெனியூவில் உள்ள ரஷ்யன் கலாசார நிலையம் உனக்கு ஞாபகம் இருக்கும். ஆசிரியர் முன்னால் இருந்து படிப்பதுதான் உத்தமம். ஆனால் மனுசியை மாலையில் தனியே விட மனமில்லை. அதனால்தான் மென்பொருள்.

இரண்டு வைத்திருக்கிறேன். ஒன்று கைப்பேசியில் எல்லாரும் போட்டு வைத்திருக்கும் வகை. படம் காட்டும், குரல் கேட்கும், சரியென்றால் மணியடிக்கும். பழக்கம் பிடிக்க அது உதவினது. மற்றதுதான் எனக்கு ஆசான் மாதிரி. 'ஆன்கி' என்று பெயர், யப்பானிய மொழியில் மனனம் என்று பொருள். கணினிக்கு இலவசம். கொப்பிக்குப் பதில் அட்டைகள். முன்பக்கம் சொல், பின்பக்கம் பொருளும் குரலும். சரியாகச் சொன்னால் அந்த அட்டை மூன்று நாள் கழித்து வரும், பிறகு ஒரு கிழமை, பிறகு மூன்று கிழமை, பிறகு மாதக்கணக்கு. மறந்துவிட்டால் மறுபடி முதலிலிருந்து. மறக்கப்போகிற நேரம் பார்த்துத் திரும்பக் கேட்பதுதான் அதன் சூட்சுமம். ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மன்காரர் பொருளற்ற அசைகளைத் தானே பாடமாக்கி, எத்தனை மணி நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று 1885 இலேயே அளந்து வைத்தவர். எங்கட மாஸ்டர் மூன்று மாதத்துக்கு முந்திப் படித்த செய்யுளைச் சனிக்கிழமை வகுப்பில் திடீரென்று கேட்பாரே, அதே வேலையைத்தான் இது செய்கிறது.

ஒரு நாளைக்கு நாலு புதுச்சொல், விடியற்காலையில் இருபது நிமிஷம். ரஷ்ய மொழியின் ஆரம்ப நிலைத் தேர்வுக்கு 780 சொல் தெரிய வேண்டும். நான் அந்தக் கரைக்குக் கிட்ட வந்துவிட்டேன்.

காதுக்கு மென்பொருள் செய்கிற உபகாரத்தை எந்தப் புத்தகமும் செய்யாது. பாலை 'மொலொகொ' என்று எழுதி 'மலகோ' என்று சொல்கிறார்கள். அழுத்தம் எங்கே விழுகிறது என்று அச்சில் காட்டுவதில்லை. 'ஸாமக்' என்றால் கோட்டை, 'ஸமோக்' என்றால் பூட்டு, எழுத்து இரண்டுக்கும் ஒன்றே. அட்டையைத் திருப்பும்போதெல்லாம் குரல் கேட்கிறபடியால் இவை தானாகப் படிந்தன. வாயைப் பிளக்க வைக்கிற அந்த ஒரு உயிரொலி, 'நீங்கள்' என்று பொருள்படும் சொல்லில் வருவது, எனக்கு நெடுநாள் வரவில்லை. குரலைப் பதிந்து கேட்டுக்கொண்டிருந்தபோதுதான் பிடிபட்டது: 'பந்து' என்று சொல்லும்போது கடைசியில் இதழைக் குவிக்காமல் ஒரு அரை உகரம் விடுகிறோமே, அதற்கு மிகக் கிட்ட. அப்படியே அதுவல்ல. ஆனாலும் குற்றியலுகரம் பழகின நாக்குக்கு அந்த இடம் அந்நியமில்லை.

இனி நான் உண்மையில் உனக்கு எழுத வந்த விஷயம்.

கைப்பேசிச் செயலி எல்லாவற்றையும் ஆங்கிலம் வழியாகத்தான் விளக்குகிறது. "ரஷ்ய மொழியில் நிகழ்காலத்தில் 'இருக்கிறது' என்ற வினை விடுபடும், கவனம்" என்று ஒரு பாடம் முழுக்கச் சொல்லித் தந்தது. 'ஓன் வ்ராச்'. அவன் டொக்டர். எங்களுக்கு இதில் விடுபட என்ன இருக்கிறது? பிறகு 'ம்ன்யே ஹோலத்ன'. ஆங்கிலத்தில் இதற்குப் பத்து வரி விளக்கம். தமிழில் 'எனக்குக் குளிருது'. 'எனக்குப் பிடிக்கும்', 'எனக்கு 68 வயது', எல்லாம் நான்காம் வேற்றுமையில்தான் அவர்களும் சொல்கிறார்கள். நீ, நீங்கள் என்ற வித்தியாசமும் அங்கே உண்டு, அதை ஆங்கிலம் ஒரே சொல்லில் மூடிவிடுகிறது. இரண்டு மாதமாக நான் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போய், ஆங்கிலத்திலிருந்து ரஷ்யனுக்குப் போய்க்கொண்டிருந்தேன், மச்சான். பக்கத்து வீட்டுக்குப் போக ஊரைச் சுற்றின கதை.

அன்றைக்கு இரவு அட்டைகளை எல்லாம் திறந்து ஆங்கிலத்தை அழித்துத் தமிழை எழுதத் தொடங்கினேன். ஆறு வேற்றுமை அவர்களுக்கு, எட்டு எங்களுக்கு. 'மஸ்க்வா', 'மஸ்க்வே', 'மஸ்க்வூ', 'மஸ்க்வி' என்று மனனம் செய்தபோது வெறும் சத்தமாக இருந்தவை, மொஸ்கோ, மொஸ்கோவில், மொஸ்கோவுக்கு, மொஸ்கோவிலிருந்து என்று எழுதினவுடன் இடத்தில் போய் இருந்தன. முன்னால் ஒரு சிறு சொல்லையும் சேர்க்கிறார்கள், அதைத் தனி அட்டையாகப் போட்டேன். கொழும்பு மட்டும் மாறாது. 'கலோம்ப' என்று சொன்னாலும் எழுத்தில் ஓகாரத்தில் முடிகிற அந்நிய ஊர்ப்பெயர் என்பதால் எந்த வேற்றுமையிலும் அப்படியே நிற்கிறது. மொஸ்கோ உருமாறிக்கொண்டே இருக்க, நான் இருக்கிற ஊர் ஒரே உருவில் இருப்பதில் எனக்கு ஒரு தனிச் சந்தோஷம்.

எல்லாவற்றிலும் என்னை எழும்பி நடக்க வைத்தது இதுதான். 'மேசை தேடுறன்' என்று 'ஐ' உருபு இல்லாமல் சொல்லலாம். 'தம்பி தேடுறன்' என்று சொல்ல முடியுமா? தம்பியைத் தேடுறன் என்றுதான் வரும். ரஷ்யனிலும் 'மேசை தேடுறன்' என்றால் மேசை, 'ஸ்தோல்', மாறாது. தம்பி மட்டும் 'பிராத்' என்பதிலிருந்து 'பிராத்த' ஆக மாறுகிறான். ஆண்பால் சொற்களில் உயிருள்ளதை ஒரு விதமாகவும் உயிரற்றதை இன்னொரு விதமாகவும் நடத்துகிறார்கள். எல்லை மட்டும் வேறு. எங்களுக்குப் பூனை அஃறிணை, 'பூனை தேடுறன்' என்றும் சொல்லிவிடலாம். அவர்களுக்கு மூச்சு விடுகிற எல்லாம் தம்பியோடு சேர்த்தி. உயர்திணை அஃறிணை என்று ஆறாம் வகுப்பில் ஏன் படித்தோம் என்று 68 வயதில் விளங்கினது.

ஒற்றுமையைப் பார்த்து மயங்கிவிடவும் இல்லை. மேசை ஆண், புத்தகம் பெண், யன்னல் இரண்டும் இல்லை என்பதற்குத் தமிழில் ஒரு பிடியும் கிடையாது, சொல்லின் கடைசி எழுத்தைப் பார்த்துத்தான் பழக வேண்டும். எங்களுக்கு ஒரே 'கு' எல்லாப் பெயருக்கும் பொருந்தும், அவர்களுக்குப் பாலுக்கு ஏற்றபடி உருபு மாறும். வயதைச் சொல்லவே ஒரு கணக்கு: 68க்கு 'லெத்', 71க்கு 'கோத்', 72க்கு 'கோத', 75க்கு மறுபடி 'லெத்'.

போன மாதம் கோட்டை ஸ்ரேசனில் ஒரு இளம் தம்பதி, கையில் சின்னப் பெட்டை, கண்டி ரயிலில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பேச்சைக் கேட்டால் ரஷ்யன். "ஹிக்கடுவ?" என்று கேட்டேன். தலையாட்டினார்கள். 'எத்த நே வாஷ் போயிஸ்த்' என்றேன். இது உங்கட ரயில் இல்லை. சாமானை இறக்கிச் சரியான மேடைக்குக் கூட்டிப்போய் விட்டேன். தாய் ஏதோ வேகமாகச் சொன்னா, ஒன்றும் பிடிபடவில்லை. பிறகு பிள்ளையைப் பார்த்து மெதுவாக ஒரு வசனம்: 'ஸ்கஜீ தேதுஷ்கே ஸ்பசீப'. மச்சான், எனக்கு அது முழுதாகக் கேட்டது. 'தேதுஷ்க' தாத்தா, 'தேதுஷ்கே' தாத்தாவுக்கு. தாத்தாவுக்கு நன்றி சொல்லு. நான் மனதுக்குள் மொழிபெயர்க்கவேயில்லை, அந்தக் 'கு' நேராகக் காதில் விழுந்தது. பிள்ளை தாயின் பின்னால் ஒளிந்துகொண்டு நன்றி சொல்லிச்சுது.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் உன்னைத்தான் நினைத்தேன். 1976 இல் நீ மொஸ்கோ லுமும்பா பல்கலைக்கழகத்துக்குப் போய், முதல் வருஷம் முழுக்க 'பத்ஃபாக்' என்ற ஆயத்தப் பிரிவில் மொழி மட்டும் படிக்கிறோம் என்று எழுதின கடிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது. "வேற்றுமை தெரிந்த எங்கட பெடியளுக்கு இது சுகம்" என்று ஒரு வரி எழுதியிருக்கிறாய். அப்போது அதைக் கவனிக்காமல், அங்கே பனி எவ்வளவு என்றுதான் பதில் எழுதிக் கேட்டேன்.

இப்போது உன்னிடம் ஒரு வேலை. தமிழில் 340 அட்டை வரை செய்துவிட்டேன். சுற்றுலாப் பயணிகளைக் கூட்டிப்போகிற பெடியள், மேலே படிக்கப் போகிற பிள்ளைகள், இவர்களில் ஆங்கிலம் குறைந்தவர்களுக்குத் தமிழ் வழியாக ஒரு வாசல் வேண்டும். ஆனால் வினைச்சொல்லில் நிற்கிறேன். 'யா பிசால் பிஸ்மோ', 'யா நபிசால் பிஸ்மோ'. இரண்டுக்கும் ஆங்கில விளக்கம் குழப்புகிறது. முதலாவது 'கடிதம் எழுதினன்', எழுதிக்கொண்டிருந்தேன் என்றும் கொள்ளலாம். இரண்டாவது 'கடிதம் எழுதிப்போட்டன்', வேலை முடிந்தது. அந்த முன்னொட்டு எங்கட 'போடு', 'விடு' செய்கிற வேலையைச் செய்கிறதா? எனக்கு நம்பிக்கை தந்தது இதுதான்: 'நபிஷூ' நிகழ்கால உருவில் இருந்தாலும் எதிர்காலத்தைக் குறிக்கிறதாம். நாங்களும் 'நாளைக்கு எழுதிப்போடுறன்' என்று நிகழ்கால உருவில்தானே வாக்குக் கொடுக்கிறோம்! இது எல்லா இடத்திலும் பொருந்துமா, எங்கே உடையும் என்று ஆறு வருஷம் அந்த மொழியில் வாழ்ந்த உனக்குத்தான் தெரியும். பிழையான விளக்கத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க மாட்டேன்.

கண்ணை வருத்த வேண்டாம். வினைச்சொல் அட்டைகள் 60 இருக்கின்றன. ஞாயிறு பின்னேரம் போன் எடுத்து ஒவ்வொன்றாக வாசிக்கிறேன், நீ கேட்டுச் சொல், நான் திருத்துகிறேன். ஒரு நாளைக்குப் பத்துப் போதும். டொக்டர் பயணம் செய்யலாம் என்று சொன்னவுடன் இஞ்ச வந்து ஒரு கிழமை நில். மனுசி உனக்கு ஒடியல் கூழ் காய்ச்சித் தருவதாகச் சொல்லச் சொன்னா, ஒடியல் மாவை மட்டும் நீ ஊரிலிருந்து கொண்டு வர வேண்டுமாம்.

கண்ணுக்கு மருந்து விடும் நேரத்தைத் தவறவிடாதே.

உன்ர
பழைய கூட்டாளி