அந்த 40 மீட்டர் கேபிள் யார் கணக்கு? விவரக்குறிப்புக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

கட்டட விவரக்குறிப்புகளையும் டெண்டர் பட்டியல்களையும் திருத்தும் குழுவினருக்கு,

வணக்கம். நான் பதினெட்டு வருடமாகத் தீயணைப்புக் குழாய் வேலை எடுத்துச் செய்பவன். ஹைட்ரன்ட் என்றால் என்ன, ஸ்பிரிங்க்ளர் என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. போன மாதம் நடந்த ஒன்றைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

ஏழு மாடி மருத்துவமனைக் கட்டடம். வேலை முடிந்து ஒப்படைத்தாயிற்று, நோயாளிகளை மட்டும் இன்னும் கொண்டுவரவில்லை. ஒரு சாயங்காலம் ஏழாவது மாடியில் ஏசி வேலை பார்த்தவர்களின் ஏணி ஒரு ஸ்பிரிங்க்ளரில் இடித்து, தீயின் சூட்டில் உடைந்து தண்ணீரைத் திறந்துவிட வேண்டிய அதன் கண்ணாடிக் குமிழில் கீறல் விழுந்திருக்கிறது. ராத்திரி அது உடைந்து, விடிய விடியத் தண்ணீர் கொட்டியிருக்கிறது. காலை ஐந்து மணிக்குப் படிக்கட்டில் தண்ணீர் வழிவதைப் பார்த்த வாட்ச்மேன்தான் எனக்குப் போன் போட்டார். குழாயில் அழுத்தம் குறையாமல் பார்த்துக்கொள்ளும் சின்ன பம்பு, நிமிடத்துக்கு 180 லிட்டர் தரும் அந்த ஜாக்கி பம்பே ஒரு ஸ்பிரிங்க்ளருக்கு ஈடுகொடுத்துவிட்டதால் பெரிய பம்பு ஓடவேயில்லை. நான் போய்ப் பார்த்தபோது தீக்கென்று ஒதுக்கிய தொட்டியில் பாதிக்கு மேல் காலி.

அலாரம் ஏன் அடிக்கவில்லை? குழாயில் தண்ணீர் ஓடுவதைக் காட்டிக்கொடுக்க வேண்டியது ஃப்ளோ சுவிட்ச். அதைப் பொருத்தியது நான், அது பிளம்பிங் பிஓகியூவில், அதாவது டெண்டரின் வேலை-அளவுப் பட்டியலில் இருந்தது. அலாரம் பேனலைப் பொருத்தியது மின் ஒப்பந்தக்காரர், அது எலெக்ட்ரிக்கல் பிஓகியூவில் இருந்தது. இரண்டையும் இணைக்கும் கேபிள், மாடிக்கு 40 மீட்டர் வருமா, அதுவும், சுவிட்சின் சைகையைப் பேனலுக்குச் சொல்லும் மானிட்டர் மாட்யூலும் எந்தப் பட்டியலிலும் இல்லை. மூன்று முறை கடிதம் எழுதினேன். "உங்கள் வேலையில் வராது" என்று எனக்குப் பதில், அவருக்கும் அதே பதில். சோதனை நாளன்று உச்சி மாடியில் தீயணைப்பு ஹோஸ் மாட்டும் ஹைட்ரன்டில் 3.5 பார் அழுத்தம் வந்தது, சரி என்றார்கள். டிடெக்டரில் புகை காட்டியதும் பேனல் அலறியது, அதுவும் சரி. டெஸ்ட் வால்வைத் திறந்து குழாயில் தண்ணீரை ஓடவிட்டு, அலாரம் வருகிறதா என்று பேனலைப் பார்க்கும் சோதனை யார் பட்டியலிலும் இல்லாததால் அதை யாரும் செய்யவில்லை. நானும்தான் அன்றைக்குக் கையெழுத்துப் போட்டேன், அது இன்னும் என்னை உறுத்துகிறது.

ஸ்மோக் டிடெக்டர் இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஒன்று கைவிட்டால் இன்னொன்று காப்பாற்ற வேண்டும் என்றுதானே ஃப்ளோ சுவிட்சுக்கும் பணம் ஒதுக்கினீர்கள்?

என் கோரிக்கை ஒன்றுதான். தீயணைப்பை விவரக்குறிப்பிலும் பிஓகியூவிலும் தனி அத்தியாயமாக வையுங்கள். தொட்டி, பம்பு, குழாய், ஸ்பிரிங்க்ளர், வாயு அணைப்பு எல்லாம் ஒரே தலைப்பில், ஒரே பொறுப்பில் வரட்டும். தேசிய கட்டட விதித்தொகுப்பு 2016-ஐ எடுத்துப் பாருங்கள், தீப் பாதுகாப்புக்கு அதில் 4-ம் பாகம் தனியாக இருக்கிறது. பிளம்பிங் 9-ம் பாகத்தில் வருகிறது. விதியில் தனியாக நிற்கிற விஷயம் டெண்டருக்கு வந்ததும் தொட்டி சிவிலுக்கும் குழாய் பிளம்பிங்குக்கும் பம்பு பேனல் எலெக்ட்ரிக்கலுக்கும் என்று சிதறிப்போகிறது.

கட்டட விவரக்குறிப்புகளைப் பிரித்து எழுத அமெரிக்காவில் பயன்படுத்தும் மாஸ்டர்ஃபார்மட் வகைப்பாட்டிலும் ஒரு காலத்தில் தீயணைப்புக்குத் தனிப் பிரிவு கிடையாது, மொத்தமே 16 பிரிவுகள்தான். 2004-ல் அதை விரித்து எழுதியபோது 21-ம் பிரிவைத் தீயணைப்புக்கே கொடுத்தார்கள். பிளம்பிங் 22 ஆனது, மின்சாரம் 26 ஆனது. 21-க்குள்ளேயே தண்ணீர் அமைப்புகள், வாயு அமைப்புகள், பம்புகள், தண்ணீர்த் தொட்டிகள் என்று வரிசையாக இடம் உண்டு. ஆனால் தீ அலாரம் அங்கேயும் வேறு பிரிவில்தான் வருகிறது, 28-ல். அதனால் தனித் தலைப்பு போட்டால் மட்டும் போதாது. ஃப்ளோ சுவிட்ச் வரை ஒருவர், அங்கிருந்து பேனல் வரை இன்னொருவர், இருவரும் சேர்ந்து நின்று செய்ய வேண்டிய சோதனை இது என்று வரி வரியாக எழுதிவைக்க வேண்டும்.

இந்தக் கேபிள் ஓர் உதாரணம்தான். ஃபால்ஸ் சீலிங் போடுகிறவர் வரைபடத்தை மாற்றுவார், ஸ்பிரிங்க்ளர் தலை சீலிங்குக்கு மேலே மறைந்துபோகும். பெயின்டர் அதன் மேலேயே பெயின்ட் அடித்துவிட்டுப் போவார். குழாய் நுழையும் ஓட்டைகளைத் தீ தாங்கும் பூச்சால் அடைப்பது யார் வேலை என்று கடைசி நாள் வரை சண்டை நடக்கும். 2011 டிசம்பரில் கொல்கத்தாவின் ஆம்ரி மருத்துவமனையில் அடித்தளத்தில் பிடித்த தீயின் புகை மேலே ஏறி 90-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். திறந்து கிடக்கும் ஓட்டையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அதுதான் ஞாபகம் வருகிறது. ஒவ்வொரு தீக்குப் பிறகும் விசாரணை, சுற்றறிக்கை எல்லாம் வருகிறது, அடுத்த டெண்டர் மட்டும் பழைய பட்டியலின் நகலாகவே வருகிறது. செலவைக் குறைக்க வேண்டுமென்றாலும் முதலில் கைவைப்பது தீயணைப்பில்தான். இது எனக்குத் தாங்கவில்லை ஐயா.

கோபத்தில் கொஞ்சம் அதிகம் பேசியிருந்தால் மன்னிக்க வேண்டும். உங்களுக்கு வேலைப்பளு அதிகம் என்று தெரியும். ஆனாலும் அடுத்த திருத்தத்தில் தீயணைப்புக்குத் தனி அத்தியாயம் கொடுங்கள், ஒவ்வோர் இணைப்பும் யார் பொறுப்பு என்று அதிலேயே எழுதுங்கள் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். வரைவு தயாரானால் என்னைப் போல் சைட்டில் நிற்கிறவர்களையும் ஒரு நாள் கூப்பிட்டுக் கேளுங்கள். அந்தக் கட்டடத்தின் இரண்டு பிஓகியூவையும் எடுத்துக்கொண்டு வருகிறேன். கேபிளை என் கைக்காசில் இழுத்துவிட்டேன், இப்போது ஏழு மாடியிலும் அலாரம் அடிக்கிறது.

இப்படிக்கு,
ஒரு தீயணைப்புப் பணி ஒப்பந்தக்காரர்