சனிக்கிழமை கொக்குப் படம்: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்பான பெற்றோருக்கும் பாதுகாவலர்களுக்கும் வணக்கம்.

போன சனிக்கிழமை நம் பிள்ளைகள் சிலர் வாவிக்கரைப் புற்றரைக்குக் கொக்குப் படம் எடுக்கப் போன கதை இதற்குள் உங்கள் காதுக்கு எட்டியிருக்கும். என் காதுக்கு முதலில் வந்தது மாட்டுப்பட்டி வைத்திருக்கும் ஒரு பட்டிக்காரரின் கோபம். திங்கட்கிழமை காலை பாடசாலை வாசலில் சைக்கிளைச் சாத்திவிட்டு, “சேர், உங்கட புள்ளைகள் கொக்கைத் துரத்துறம் எண்டு என்ட மாட்டையெல்லாம் கலைச்சுப்போட்டுதுகள்” என்றார். இரண்டு கன்றுகள் மத்தியானம் வரை கிடைக்கவில்லையாம். அவர் சொன்னதில் பிழையே இல்லை. மன்னிப்புக் கேட்டேன். பிள்ளைகளும் நேரில் போய்க் கேட்டார்கள்.

விசாரித்தால், பறக்கிற கொக்கை எடுத்தால்தான் நல்ல படம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதைப் பறக்கவைக்க ஓடியிருக்கிறார்கள். கிடைத்ததெல்லாம் தூரத்தில் வெள்ளை வெள்ளையாய் நாலைந்து புள்ளிகள்.

ஆனால் அதே காலையில் தரம் 9 பிள்ளை ஒருத்தி, காலில் முள் ஏறியதால் ஓட முடியாமல், கலையாமல் நின்ற இரண்டு கிழட்டுப் பசுக்களுக்குச் சற்றுத் தள்ளி வரம்பில் உட்கார்ந்திருக்கிறாள். கையில் அம்மாவின் பழைய போன். அவள் எடுத்த படத்தை நான் பலமுறை பார்த்துவிட்டேன். புல் நுனியில் பனி. உண்ணிக்கொக்கு ஒன்று கழுத்தை முழுதாக நீட்டியிருக்கிறது. மஞ்சள் சொண்டில் ஒரு வெட்டுக்கிளி, அதன் ஒரு கால் மட்டும் வெளியே தொங்குகிறது.

நானும் ஒரு பட்டிக்காரரின் மகன்தான். சின்ன வயதில் தினமும் பார்த்த காட்சிதான், ஆனாலும் அந்த வெட்டுக்கிளியின் காலை இவ்வளவு கிட்டத்தில் கண்டதில்லை.

இந்தப் பறவை மாட்டோடு ஏன் திரிகிறது என்று பிள்ளைகளிடம் கேட்டேன். “உண்ணி தின்ன” என்றார்கள். பெயர் அப்படித்தான் வந்தது. உண்ணியும் தின்னும், ஆனால் வயிறு நிரம்புவது பெரும்பாலும் வெட்டுக்கிளியிலும் மற்றப் பூச்சிகளிலும், இடையிடையே தவளையிலும்தான். மாட்டின் குளம்பு புல்லைக் கலைக்கும்போது ஒளிந்திருந்த பூச்சி தாவும்; தாவியதைக் கொக்குக் கொத்தும். தனியே இரை தேடுகிற கொக்கைவிட மாட்டோடு போகிறது குறைவாக நடந்து கூடுதலாகப் பிடிக்கும். மாட்டைக் கலைத்துவிட்டால் கொக்குக்கும் வேலை இல்லை, படமெடுப்பவருக்கும் வேலை இல்லை. பட்டிக்காரரின் கோபத்துக்குள் இந்த விஞ்ஞானமும் இருந்தது.

கொத்துகிற வேகம் விரலுக்கு அகப்படாது. கொக்கினத்தின் கழுத்தில் ஆறாவது எலும்பு நீண்டிருப்பதால் கழுத்து அந்த இடத்தில் மடிந்து நின்று, விடுபட்டதும் அம்பாகப் பாயும். அது பாய்வதைக் கண்டபின் பொத்தானை அழுத்தினால் வெறும் புல்தான் வரும். கொத்துவதற்கு முன் உண்ணிக்கொக்கு கழுத்தை இடமும் வலமுமாக ஆட்டும். அந்த ஆட்டம் தொடங்கியதும் தொடர்ந்து படங்களை எடுத்துக்கொண்டே போக வேண்டும். இந்தப் பிள்ளை அதைத்தான் செய்திருக்கிறாள், யாரும் சொல்லிக் கொடுக்காமல். நூற்றுக்கு மேற்பட்ட புல் படங்களுக்கு நடுவே இந்த ஒன்று. போன் நிறைந்துபோனதற்கு வீட்டில் ஏச்சு வாங்கியதாகவும் கேள்வி. அந்த அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

சரி, விடயத்துக்கு வருகிறேன். வேளாண்மை வெட்டு முடிந்து பட்டிகள் ஊர்ப்பக்கம் திரும்பிவிட்டன. வருகிற சனிக்கிழமை காலை 6 மணிக்கு இரு ஆசிரியர்களோடு பிள்ளைகளை மீண்டும் அதே புற்றரைக்கு அனுப்ப விரும்புகிறேன். பட்டிக்காரரும் சம்மதித்துவிட்டார், கூடவே நிற்பதாகவும் சொன்னார். 9 மணிக்குள் திரும்பிவிடுவார்கள். ரியூசன் இருக்கிறதே என்பீர்கள். ஒரு சனிக்கிழமைதானே, விட்டுத்தாருங்கள். முதல் நாள் இரவு அந்தப் பக்கம் யானை வந்ததாகத் தகவல் கிடைத்தால் பயணம் இல்லை; வட்ஸ்அப் குழுவில் அறிவிப்போம்.

கமெரா வாங்கவேண்டுமா என்று இரண்டு பெற்றோர் கேட்டார்கள். வேண்டாம். கடன்பட்டு வாங்குவது அறவே வேண்டாம். போனில் பெரிதாக்கி எடுத்தால் படம் மங்கிப்போகும் என்பது உண்மைதான். அதற்கு வழி, அசையாமல் உட்கார்ந்து கொக்கைத் தானாகக் கிட்ட வரவிடுவது. தாழ உட்கார்ந்தால் அதன் கண் மட்டத்துக்கு நம் கண்ணும் இறங்கும். வெயில் ஏறினால் வெள்ளை இறகு சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்துவிடும், அதனால்தான் 6 மணி. அப்போதும் வெளுத்தால் திரையில் கொக்கைத் தொட்டு வெளிச்சத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். உங்களைவிட அவர்களுக்கே அது நன்றாகத் தெரியும்.

புல்லுக்குள் மண் நிறத்தில் குருட்டுக்கொக்கும் நிற்கும். கிட்டப் போகும்வரை அசையாது. எழும்பினால்தான் வெள்ளைச் சிறகு தெரியும். அதை எழுப்பக் கல்லெறிகிற பிள்ளை அன்றே வீட்டுக்குத் திரும்பும், சொல்லிவிட்டேன். கொக்குகள் கூடு கட்டியிருக்கும் மரத்தடிக்கும் யாரும் போகக்கூடாது. தாய் எழும்பிப் போனால் காகம் காத்திருக்கிறது.

முழுக்கால் சட்டை, சப்பாத்து, தொப்பி, தண்ணீர்ப் போத்தல் கொடுத்தனுப்புங்கள். காலில் புண் உள்ள பிள்ளையை இம்முறை அனுப்பவேண்டாம். வயலோரத் தண்ணீரில் எலிக்காய்ச்சல் பயம் இருக்கிறது. வாவி விளிம்பில் முதலை உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். ஆசிரியர் நிற்கிற இடத்தைத் தாண்டி ஒருவரும் இறங்கமாட்டார்கள்.

இத்துடன் உள்ள சம்மதப் படிவத்தில் கையெழுத்திட்டு புதன்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிடுங்கள். போனைக் கொடுக்கிறவர்கள் வெள்ளி இரவே அதில் கொஞ்சம் இடம் ஒதுக்கி, சார்ஜும் போட்டுவையுங்கள்.

அன்புடன்,
அதிபர்