பேப்பர்காரரைக் கூப்பிட்டுவிடாதே

மெல்பர்ன், ஆகஸ்ட் 2022

கோமு,

எட்டு மாதமாக வாயைத் திறக்காதவள் இன்றைக்கு எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று கேட்பாய். பயத்தில்தான். பரணைக் காலி செய்யப்போகிறேன், லினோலியத் தகட்டைச் செதுக்கி மை தடவி நாம் எடுத்த லினோ பிரிண்ட் எல்லாவற்றையும் எடைக்குப் போடப்போகிறேன் என்று வாய்ஸ் மெசேஜில் சொல்லிவிட்டுச் சிரித்தாயே, அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவே இல்லை.

இங்கே எல்லாரும் சௌக்கியம். முழங்கால் வலி அப்படியேதான். நெட்டையன் போன் பண்ணினான், அதே பழைய கதை, நீ நம்பித் தொலைக்காதே. குசலம் முடிந்தது.

போன சனிக்கிழமை ரயில் பிடித்து ஜீலாங் போனேன். ஒரு மணி நேரம்தான். ஸ்டேஷனிலிருந்து ஆர்ட் கேலரிக்கு நடந்தே போய்விடலாம். கான்பெரா தேசியக் கலைக்கூடம் ஊர் ஊராக அனுப்பிவரும் கண்காட்சி. எதெல் ஸ்பவர்ஸ், ஈவ்லின் சைம் என்று இரண்டு சிநேகிதிகள், இரண்டு பேருமே லினோகட்காரிகள். ஸ்பவர்ஸ் குடும்பம் ‘ஆர்கஸ்’ பத்திரிகைக்குச் சொந்தம், சைம் குடும்பம் ‘ஏஜ்’ பத்திரிகைக்கு. ஒரே ஊரில் போட்டிப் பத்திரிகைகள். இந்தப் பெண்களானால் ஒன்றாக உட்கார்ந்து லினோ செதுக்கியிருக்கிறார்கள்.

சைமைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன். மூன்று நாளாக மண்டைக்குள் குடியிருப்பவள் ஸ்பவர்ஸ்தான்.

1920-இல் அவளுடைய முதல் தனிக் கண்காட்சி, மெல்பர்ன் டெக்கரேஷன் கேலரிஸில். என்ன வைத்தாள் தெரியுமா? தேவதைக் கதைப் படங்கள். 1925-இலும் 1927-இலும் நியூ கேலரியில் மறுபடி கண்காட்சி. அதற்குள் மரத்திலும் லினோவிலும் செதுக்க ஆரம்பித்துவிட்டாள், ஆனாலும் ஊருக்கு அவள் தேவதைக்காரிதான். உனக்குக் ‘கோலக் கோமு’ என்று பேர் வைத்தார்களே, கடைசிவரை போகவில்லையே, அதே கதை.

நாற்பதை நெருங்கும் வயதில் கப்பலேறி லண்டன் போய் க்ரோவனர் ஸ்கூல் என்கிற ஓவியப் பள்ளியில் லினோகட் ஆசிரியர் க்ளாட் ஃப்ளைட்டிடம் சேர்ந்தாள். அவர் வழியே தனி. கறுப்புக் கோட்டுக்கென்று தனியாக ஒரு ப்ளாக், அதாவது செதுக்கிய தகடு, கிடையாது. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு ப்ளாக், மொத்தம் மூன்றோ நாலோ. ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி, மெல்லிசு ஜப்பான் காகிதத்தில் கையாலேயே தேய்த்து எடுப்பது. நம் மாஸ்டர் பார்த்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார். உளிக்குக் காசில்லையா, உடைந்த குடைக்கம்பியைத் தீட்டிக்கொள் என்றாராம் ஃப்ளைட். ஒரு பிரிண்ட் சினிமா டிக்கெட் விலைக்கு, ஒரு கிளாஸ் பீர் விலைக்கு விற்க வேண்டும் என்பது அவர் ஆசை. நடக்கவில்லை, விலை எப்போதும் அதைவிடக் கூடத்தான் இருந்தது.

குடைக்கம்பி என்றதும்தான் ‘வெட் ஆஃப்டர்நூன்’ முன்னால் நின்றது ஞாபகம் வருகிறது. மழை, குடை, குடைக்குமேல் குடை. வளைவுக்குள் வளைவாக அடுக்கிக்கொண்டே போயிருக்கிறாள். முகம் தேடவே தோன்றாது. கண்ணாடியில் மூக்கு இடிக்கிற அளவுக்குக் குனிந்து பார்த்தேன். ஒரு நிறத்தின் ஓரம் இன்னொன்றின்மேல் ஏறும் இடத்தில், டப்பாவில் இல்லாத மூன்றாவது நிறம் ஒன்று வருகிறதே, அதே சமாசாரம். நீ மீன் மார்க்கெட் பிரிண்டில் தற்செயலாகக் கொண்டுவந்துவிட்டு, ‘வேணும்னுதான் செஞ்சேன்’ என்று சாதித்தாயே, அது! காவலுக்கு நின்ற பெண் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டாள். பக்கத்திலேயே ‘தி கஸ்ட் ஆஃப் விண்ட்’. காற்றில் காகிதங்கள் கன்னாபின்னாவென்று பறக்கின்றன. பத்திரிகை முதலாளி மகள் போடுகிற படமா இது? சிரித்துவிட்டேன்.

ஊர் திரும்பி, 1930-இல் மெல்பர்னில் லினோகட்டுக்கென்றே ஒரு கண்காட்சி. சைமும், டோரிட் பிளாக் என்கிற இன்னொரு லினோகட்காரியும் கூட. எங்கே? எவ்ரிமேன்ஸ் என்கிற வாடகை நூலகத்தில்! நாம் ஹாஸ்டல் மெஸ்ஸில் கொடி கட்டித் தொங்கவிட்டதற்கு இனிமேல் வெட்கப்பட வேண்டாம். அதே வருஷம் ஏப்ரலில், புதுசு என்றாலே புரிந்துகொள்ளாமல் வையாதீர்கள் என்று ‘ஆஸ்ட்ரலேசியன்’ வாரப் பத்திரிகையில் கட்டுரை எழுதினாள். அதுவும் அப்பா வீட்டுப் பத்திரிகைதான், வசதி! லண்டன் ரெட்ஃபெர்ன் கேலரியில் தொடர்ந்து அவள் பிரிண்டுகளை மாட்டினார்கள். பிரிட்டிஷ் மியூசியமும் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட்டும் வாங்கின.

இனிமேல் சொல்வதைச் சிரிக்காமல் கேள். 1930-களின் கடைசியில் உடம்பு படுத்த, வேலையை நிறுத்திவிட்டாள். புற்றுநோய். 1947 மே மாதம் போய்விட்டாள், வயது 56. அதற்குமுன் தன் ஓவியங்களில் நிறையவற்றைக் குவித்துக் கொளுத்தியிருக்கிறாள். தன் கையாலேயே, கோமு. 1948-இல் ஜார்ஜஸ் கேலரியில் நினைவுக் கண்காட்சி வைத்தார்கள். வாட்டர்கலர், கோட்டோவியம், மர பிரிண்ட், லினோ என்று நெருப்புக்குத் தப்பியவைதான் சுவரில். ஓவியம் என்றால் ஒன்றே ஒன்று, எரித்தால் போச்சு. பிரிண்ட் அப்படியா? ஐம்பது எடுத்து அங்கே இங்கே கொடுத்தாயிற்று. கடல் தாண்டி லண்டனில் கிடந்ததை அவளே நினைத்தாலும் கொளுத்த முடியாது. 2019-இல் லண்டன் டல்விச்சில் க்ரோவனர் ஸ்கூல்காரர்களைச் சேர்த்துக் கண்காட்சி வைத்தபோதும் அவள் இருந்தாள்.

ஏன் கொளுத்தினாள் என்று திரும்பும் ரயில் முழுக்க யோசித்துக்கொண்டு வந்தேன். விடை கிடைக்கவில்லை. உன் வாய்ஸ் மெசேஜைத்தான் மூன்று தடவை கேட்டேன்.

மீன் மார்க்கெட் ஆறு காப்பி எடுத்தோம். ஒன்று என் சமையலறைச் சுவரில், எண்ணெய்ப் பிசுக்கோடு. ஒன்று மாஸ்டர் வீட்டில் இருந்தது, அக்கா வைத்திருக்கிறார்களா என்று கேள். மிச்சம் நாலும் உன் பரணில்தான் இருக்க வேண்டும். ப்ளாக்கை வளைத்துப் பார்க்காதே, பழைய லினோ பட்டென்று உடைந்துவிடும். வெயிலில் கொஞ்சம் காயவைத்து எடு, இளகும். டிசம்பரில் வருகிறேன், என் ரோலர் கொண்டுவருகிறேன். இங்க் செலவு என்னுது, இதில் சண்டை வேண்டாம்.

பேப்பர்காரர் இதற்குள் வந்துவிட்டுப் போய்விட்டாரா? உண்மையைச் சொல்லு. போய்விட்டார் என்றால் அவர் கடை எந்தத் தெருவில் என்று உடனே விசாரித்து வை.

உன்,
கலா