எழுதியவர் பெயரையும் சேர்த்துப் போடுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். உங்கள் சினிமா பக்கத்தை ஒரு வரி விடாமல் படிக்கிறவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். தானே எழுதி இயக்கும் ஒருவரின் அடுத்த படங்களைப் பற்றிச் செய்தி வந்தால், ஹீரோ யார், பட்ஜெட் எத்தனை கோடி, ஷூட்டிங் எங்கே, எந்தப் பண்டிகைக்கு ரிலீஸ் என்று எல்லாமே இருக்கிறது. ஆனால் அவர் என்ன எழுதிக்கொண்டிருக்கிறார், கூட உட்கார்ந்து எழுதுவது யார், மூலக்கதை யாருடையது என்பதற்கு ஒரு வரி கிடையாது. விமர்சனத்திலும் இதே கதைதான். வசனம் நன்றாக இருக்கிறது என்று பாராட்டுகிறீர்கள், வசனகர்த்தா பெயரை விட்டுவிடுகிறீர்கள்.

நம் பெரிய இயக்குநர்களில் எத்தனையோ பேர் பேனாவைப் பிடித்துக்கொண்டு வந்தவர்கள். ஸ்ரீதர் 1959-ல் 'கல்யாணப் பரிசு' எடுப்பதற்கு முன்பே கதை, வசனத்தில் பெயர் வாங்கிவிட்டார். ஏ.ஜி. ஆபீசில் (அரசு கணக்குகளைத் தணிக்கை செய்யும் அக்கவுண்டன்ட் ஜெனரல் அலுவலகம்) வேலை பார்த்துக்கொண்டே நாடகம் போட்டவர் கே.பாலசந்தர், 1965-ல் அவர் முதன்முதலாக இயக்கிய 'நீர்க்குமிழி'யே அவருடைய மேடை நாடகம்தான். பாக்யராஜும் பாரதிராஜாவின் படங்களுக்கு வசனம் எழுதிவிட்டு அப்புறம் இயக்க வந்தார்.

இதில் மகேந்திரனைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆகவேண்டும். 1974-ல் வந்த 'தங்கப்பதக்கம்' அவர் எழுதியது, முதலில் நாடகம், பிறகு படம், வசனத்துக்காகவே ஜனங்கள் திரும்பத் திரும்பப் பார்த்த படம். அதே மனிதர் 1978-ல் உமாசந்திரனின் நாவலை எடுத்து 'முள்ளும் மலரும்' இயக்கியபோது வசனத்தை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைத்தார். கடைசிக் காட்சியை யோசித்துப் பாருங்கள். தனக்குப் பிடிக்காத இன்ஜினீயரைக் கட்டிக்கொள்ளப் போன தங்கை, மனசு மாறித் தன்னிடமே ஓடி வந்துவிட்டாள் என்ற பெருமிதத்தில் நிற்கிற காளி, அவளை அந்த இன்ஜினீயருக்கே கட்டிக்கொடுக்கச் சம்மதிக்கிறான், ஆனால் உங்களை எனக்கு இப்போதும் பிடிக்கவில்லை என்று அவர் முகத்துக்கு நேராகச் சொல்லியும் விடுகிறான். வேறு யாராவது எழுதியிருந்தால் அங்கே காளி திருந்தி, கண்ணீர் விட்டு, மன்னிப்புக் கேட்டு முடித்திருப்பார். ரஜினி அதை நடித்த விதம் அற்புதம், பாலு மகேந்திராவின் கேமராவும் அப்படித்தான், ஆனால் காளி கடைசிவரை காளியாகவே இருக்கட்டும் என்று எழுத்தில் எடுத்த முடிவுதான் அந்தக் காட்சியை இத்தனை வருஷம் கழித்தும் பேச வைக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கூட எழுதியவர்கள் விஷயம் இன்னும் வருத்தமானது. 'காதலிக்க நேரமில்லை' படத்தில் நாகேஷ் பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்லும் காட்சியைத் தெரியாதவர் இருக்க முடியாது, ஆனால் அந்தப் படத்தின் எழுத்தில் ஸ்ரீதரோடு சித்ராலயா கோபுவுக்கும் பங்கு உண்டு என்பது இன்று எத்தனை பேருக்குத் தெரியும்? அன்றைக்காவது டைட்டிலில் பெயர் வந்தது. இப்போது ஒரு அறையில் நாலைந்து உதவி இயக்குநர்கள் மாதக்கணக்கில் டிஸ்கஷனில் உட்கார்ந்து சீன் சீனாகச் சொல்கிறார்கள், கடைசியில் 'எழுத்து, இயக்கம்' என்று ஒரே ஒரு பெயர் வருகிறது. எல்லாப் படத்திலும் இப்படி என்று சொல்ல மாட்டேன், 'கதை விவாதம்' என்று தனியாகப் பெயர் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அந்தப் பெயர்களையாவது செய்தியில் போடலாமே?

வெப் சீரிஸ் வந்த பிறகு இது இன்னும் அவசியமாகிவிட்டது. 2022-ல் வந்த 'சுழல்' தொடரை உருவாக்கி எழுதியவர்கள் புஷ்கர், காயத்ரி, இயக்கியவர்கள் பிரம்மாவும் அனுசரணும். யார் எதைச் செய்தார்கள் என்று பிரித்துச் சொல்லாவிட்டால் நாலு பேருக்குமே அநியாயம். பதிப்புரிமைச் சட்டமே 1957-லிருந்து படைப்பாளிக்கு 'இது என்னுடையது' என்று சொல்லும் உரிமையைக் கொடுத்திருக்கிறது, 2012-ல் வந்த திருத்தம் தியேட்டருக்கு வெளியே படம் பயன்படும்போது எழுத்தாளருக்கு ராயல்டியில் பங்கு உண்டு என்றும் சொல்கிறது. பெயரே வெளியே வராதவர் எந்த உரிமையைப் போய்க் கேட்பார்?

அப்புறம் இன்னொன்று. ஒரு இயக்குநர் மூன்று வருஷம் படம் எடுக்காவிட்டால் 'எங்கே போனார்?' என்று துணுக்கு எழுதாதீர்கள். பெரும்பாலும் அவர் எழுதிக்கொண்டுதான் இருப்பார், எழுதி முடித்த கதைக்குத் தயாரிப்பாளர் கிடைக்காமல் அலைந்துகொண்டிருப்பார். நிருபரை அனுப்பி, என்ன எழுதுகிறீர்கள், எதை மாற்றினீர்கள், ஏன் தூக்கிப் போட்டீர்கள் என்று கேட்டுப் போடுங்கள், என்னைப் போன்ற வாசகர்கள் நிச்சயம் படிப்போம்.

நான் கேட்பது சின்ன விஷயம்தான். வெள்ளிக்கிழமை ரிலீஸ் பட்டியலில் நடிப்பு, இசை, இயக்கம் என்று போடுகிறீர்கள் அல்லவா, அதில் கதை, திரைக்கதை, வசனம் என்று இன்னொரு வரி சேருங்கள். இந்த வாரமே ஆரம்பித்தால் சந்தோஷப்படுவேன்.

இப்படிக்கு,
உங்கள் வாசகன்